அப்பா பக்கத்துக் கண்ணாடி

தம்பி,

போன கிழமை மதுரா எனக்குப் போன் எடுத்தாள். உனக்குத் தெரியாமல்தான் எடுத்தாள். அதற்காக அவளோடு கோபிக்காதே. கலியாணத்தை நீ இரண்டாம் தரமும் தள்ளிப்போட்டுவிட்டாய் என்றும், ஏன் என்று கேட்டால் எழும்பி வெளியே போய்விடுகிறாய் என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள். "அன்ரி, அப்பாவைத் தான்தான் சாகடிச்சதெண்டு சொல்லுறார். காரில தான் பூட்டின சாமானாலதானாம். அப்பிடி ஏதும் நடந்ததே?"

அரிசி களைந்த கையோடு குசினிக்குள் நின்றிருந்தேன். அவள் தொடர்ந்து சொன்னாள். செத்தவீட்டன்று வெளிநாட்டிலிருந்து வர உனக்கு லீவும் டிக்கெட்டும் சரிவராமல், சித்தப்பா போனைப் பிடித்து வீடியோவில் எல்லாவற்றையும் உனக்குக் காட்டிக்கொண்டு நின்றாரே, அப்போது பக்கத்தில் வந்த யாருக்கோ அவர் சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. இறக்கின கண்ணாடி திரும்ப ஏறவில்லை, வழி முழுக்க மழையில் நனைந்திருக்கிறார், அதோடுதான் நெஞ்சில் சளி கட்டினது, எல்லாம் பெடியன் கழற்றிப் பூட்டின வேலை என்று. அந்தச் சொற்களை நீ ஒன்றும் பிசகாமல் அவளுக்குச் சொல்லிக் காட்டினாயாம். அவளுடைய காரில் முன்னுக்கு இருக்கவே மாட்டாய், பின் சீற்றில்தான் ஏறுவாய் என்றும் சொன்னாள். இவ்வளவு காலமும் நீ என்னோடு கதைத்தபோதெல்லாம் இது உனக்குள் இருந்திருக்கிறது. சாப்பிட்டீங்களோ, மழை பெய்ததோ, வயல் விதைச்சாச்சோ என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். நானும் மகன் நல்லாய் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு இருந்தேன்.

சித்தப்பாவில் பிழை பிடிக்காதே. அந்த மழை நாளுக்கு அடுத்த நாள் காலையில் அவர் எங்கள் வளவுக்குள் வந்தார். காரின் கதவுகளைத் திறந்துவிட்டு, நனைந்த சீற்றை நான் வெயிலில் காயவிட்டிருந்தேன். உள்ளே அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டையும் பார்த்துவிட்டு அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருப்பேனோ தெரியாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் சொன்னால் நீ கதையை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை வாசித்து முடித்ததும் உனக்கு மனம் ஆறும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஆறுகிற கதை இது இல்லை. ஆனால் நடந்தது எதுவோ அதை வைத்துக்கொண்டு நீ அழு. நடக்காத ஒன்றுக்காக உன் வாழ்க்கையை வீணாக்காதே.

அப்பா எப்படிப்பட்ட சாரதி என்று உனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்து லொறியை அவர் ஓட்டாத ரோட்டு இந்த வன்னியில் இல்லை. பெற்றோல் டீசலுக்கு வழியில்லாத காலத்தில் மண்ணெண்ணெயை ஊற்றிப் புகை கக்கக் கக்க ஓட்டியவர். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்து, வயலில் இரண்டு போகம் நன்றாய் விளைந்த பிறகு அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினார். ஸ்டியரிங்கில் என்னைக் கை வைக்கவிட்டதில்லை. வேறு யாராவது ஓட்டுகிற வாகனத்தில் ஏறினால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அப்படிப்பட்ட மனிசனுக்குத்தான் கிட்னி வருத்தம் வந்தது. இங்கே அது புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த வருத்தம் இல்லாத வீடுகளைத்தான் விரல் விட்டுச் சொல்லலாம். காரணம் தண்ணீர் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள், வெயில் என்கிறார்கள். வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வருத்தம் மட்டும் இங்கேயே நிற்கிறது.

டயாலிசிஸ் தொடங்கியபோது அப்பாவின் இடது கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துச் சின்ன ஒப்பரேஷன் செய்தார்கள். நீ லீவில் வந்திருந்தபோது அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாய். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடுவதுபோல அது அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் நெரிபடக் கூடாது, பிரஷர்கூட அந்தக் கையில் பார்க்கக் கூடாது. அந்தக் கைதான் அவருடைய உயிர் என்று நேர்ஸ் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தாள். அதற்கு முந்தின மாதம்தான் மல்லாவிச் சந்தியடியில் அவருக்குக் கண் இருட்டி, கார் மதகு ஒன்றில் முட்டப் பார்த்தது. இனி ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். துணுக்காயிலிருந்து வவுனியாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் யார் கொண்டுபோவது? ஒவ்வொரு தரமும் சித்தப்பாவைக் கேட்க முடியாது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற வயதில் நான் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிப்போய்க் கார் பழகினேன். முதல் நாள் நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி இருந்தபோது அப்பா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு இடது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஏறினார். எங்கள் காரில் அவர் இடது பக்கம் ஏறியதை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போதுதான் வயிற்றைப் பிரட்டும். இரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் பிரஷர் இறங்கி, அவருக்கு எந்த இடத்தில் குமட்டிக்கொண்டு சத்தி வரும் என்று சொல்லவே முடியாது. வெயிலுக்கு ஏசி போட்டுக் கண்ணாடிகளை ஏற்றி வைத்திருப்போம். அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்க வேண்டுமென்றால் சுவிட்சை அமர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய விரல்களோ வருத்தத்தோடு விறைத்துப்போயிருந்தன. பெருவிரல் சுவிட்சில் நிற்காமல் வழுக்கும். கண்ணாடி ஒரு சாண் இறங்குவதற்குள் சேர்ட்டெல்லாம் சத்தியாகிவிடும். ஒரு நாள் புளியங்குளம் தாண்டி வரும்போது அவர் தடுமாறுவதைப் பார்த்து, என் பக்கத்துச் சுவிட்சைத் தேடி அமர்த்தினேன். அந்த இடைவெளிக்குள் ரோட்டில் மாடு வந்து நின்றதைக் காணவில்லை. ஒதுக்கி எடுத்தபோது கார் ரோட்டோரக் கிரவலில் இறங்கிப் பற்றைக்குள் போய் நின்றது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மடியில் சத்தியோடு இருந்தபடி என்னைப் பார்த்தார். "நான் உமக்கும் யமனாகப் போறன்," என்றார்.

இதைப் போனில் நான் சொன்ன அடுத்த மாதம்தான் நீ வந்தாய். வரும்போதே பெட்டிக்குள் அந்தச் சாமானைக் கொண்டுவந்திருந்தாய். தீப்பெட்டியளவுதான் இருக்கும், அதிலிருந்து பல நிறத்தில் வயர்கள். சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இதைப் பூட்டினால் ஒரு தரம் தட்டினால் போதும், மோட்டார் தானாக ஓடிக் கண்ணாடியை அடிமட்டும் இறக்கிவிட்டு நிற்கும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினாய். லொறிக்காரருக்கு நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா, ஆனால் அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு இருந்தார். கொட்டிலுக்குள் காரை விட்டு, கதவின் உள்பக்கத்து அட்டையை நீ கழற்றினாய். கிளிப் இரண்டு உடைந்துபோயின. அதற்காக அப்பா உன்னை ஏசினார். கன காலத்துக்குப் பிறகு அவர் ஒருவரை ஏசியதைக் கேட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. பின்னேரம் எல்லாம் பூட்டி முடித்து, நீ சுவிட்சைத் தட்டினாய். கண்ணாடி விக்காமல் இறங்கியது. திரும்பத் தட்டினாய், அதேபோல ஏறியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏறேக்க இடையில கை இருந்தா என்ன செய்யும்?"

நீ போய் வேலியோரத்து முருங்கையில் ஒரு காயை முறித்துக்கொண்டு வந்து கண்ணாடிக்கு மேலே வைத்துச் சுவிட்சைத் தட்டினாய். கண்ணாடி ஏறி வந்து முருங்கைக்காயைச் சட்டத்தோடு சேர்த்து நெரித்தது. காய் நசுங்கிப் பிளந்த பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டு தள்ளியது. பிறகுதான் நின்றது. நீ முதலில் அப்பாவின் இடது கையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். புது வாகனங்களில் கை பட்டால் கண்ணாடி தானாகத் திரும்பி இறங்கும், இதில் அந்த வசதி இல்லை என்று சொல்லிவிட்டு, ஏற்றுகிற பக்கத்து வயரை வெட்டி முனையில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினாய். "இறக்கிறது ஒரு தட்டு. ஏத்திறது பழையபடி பிடிச்சுக்கொண்டுதான், அப்பா. உங்களுக்கு ஏலாட்டி அம்மா தன்ர பக்கத்தால ஏத்துவா," என்றாய். தம்பி, உன் வாயால் நீயே சொன்ன இந்தக் கடைசி வசனத்தை எப்படி மறந்தாய்? வயரை வெட்டியிருக்காவிட்டால் அப்பா ஒரு தட்டில் கண்ணாடியை ஏற்றியிருப்பார், நனைந்திருக்க மாட்டார் என்று மதுராவுக்குச் சொல்லியிருக்கிறாய். அந்தக் கண்ணாடியை ஏற்ற அவருடைய விரல் தேவையில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. அது நன்றாக வேலை செய்தது. இன்றைக்கும் வேலை செய்கிறது.

நீ போன பிறகு அந்தச் சுவிட்ச் அவருக்கு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. சத்தி வந்தால் மட்டும் தட்டவில்லை. ஓமந்தையில் தெரிந்தவர் யாராவது ரோட்டோரம் நின்றால் தட்டுவார். மாங்குளத்தில் லொறிகள் நிற்கிற இடம் வந்தால் தட்டுவார். கண்ணாடி இறங்கியதும் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, பழைய சாரதிமாரைப் பார்த்துத் தலையாட்டுவார். சாப்பாட்டை டொக்டர் தீர்மானித்தார், தண்ணீரை நேர்ஸ் அளந்தாள், காரை நான் ஓட்டினேன். அவர் சொன்னபடி கேட்டது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். நீ வந்து செய்துவிட்டுப்போன காரியத்தால் அவருக்கு ஏதும் நடந்ததென்றால் நடந்தது இதுதான். இதை நம்பு.

அந்த வருஷம் மழை பொய்த்துப்போனது. குளம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. மாரி மழையை நம்பிக் காலபோகத்துக்கு விதைத்தவர்கள் பயிரை மாட்டுக்கு விட்டார்கள். அந்த வெக்கைக்குள் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான். குளிசை விழுங்குகிற தண்ணீரும் அதற்குள்தான் அடக்கம். கூடக் குடித்தால் மேல் வீங்கும், மூச்சு முட்டும். ஐஸ் துண்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பார். நான் கிணற்றடியில் வாளியைத் தூக்கி ஊற்றினால் அந்தச் சத்தத்துக்கு எழும்பி உள்ளே போய்விடுவார். அதனால் அவர் நித்திரையாக இருக்கிற நேரம் பார்த்துக் குளிக்கப் பழகினேன். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் தண்ணீரில் நின்ற மனிசன், ஒரு மிடறு தண்ணீருக்கு என் முகத்தைப் பார்ப்பார். நான் மாட்டேன் என்று தலையாட்டுவேன். இதுதான் எங்கள் கடைசி வருஷத்துக் குடும்ப வாழ்க்கை. உன்னோடு வீடியோவில் கதைக்கும்போது மட்டும் சேர்ட் போட்டுக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருப்பார்.

அன்றைக்கு வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டபோது வானம் கறுத்துத்தான் இருந்தது. அப்படிக் கறுத்துக் கறுத்துப் பெய்யாமல் போன நாட்கள் கனக்க என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. புளியங்குளம் கழிந்து கனகராயன்குளம் வருவதற்குள் மழை பிடித்தது. முன்கண்ணாடியில் ரோட்டுத் தெரியவில்லை. அப்பா சுவிட்சைத் தட்டினார். கண்ணாடி அடிமட்டும் இறங்கியது. சத்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவர் சத்தி எடுக்கவில்லை. முகத்தை வெளியே நீட்டி, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். காருக்குள் மழை அடித்தது. நான் என் பக்கத்துச் சுவிட்சை அமர்த்தினேன். கண்ணாடி ஏறத் தொடங்கியது. உடனே அவர் இடது கையைத் தூக்கி அதன் விளிம்புக்கு மேலே வைத்தார். எந்தக் கை நெரிபடக் கூடாதோ அதே கையை. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"கையை எடுங்கோ, நனையிறியள்," என்றேன்.

"விடும். நான் தண்ணி குடிக்கிறன்."

இதுதான் நடந்தது, தம்பி. கண்ணாடி இறுகவில்லை. உன் வயர் எரியவில்லை. அவர் கையை வைத்துக் கண்ணாடியை மறித்தார். நான் காரை ரோட்டோரம் விட்டு நிறுத்தினேன். பக்கத்தால் போன லொறிகள் எங்கள் மேல் சேற்றை இறைத்துக்கொண்டு போயின. அவர் இரண்டு கையையும் வெளியே நீட்டி ஏந்தி ஏந்திக் குடித்தார். முகத்தைக் கழுவினார். கழுத்துக்குள் விட்டார். குடிக்காதேங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் சொல்லியிருக்க மாட்டாய். மழை கொஞ்சம் விட்ட பிறகு கையை உள்ளே எடுத்துக்கொண்டு, "இனி ஏத்தும்," என்றார். ஏற்றினேன். கண்ணாடி ஒழுங்காக ஏறியது. மாங்குளத்தில் திரும்பியதும் சொன்னார். "இஞ்சேரும், இனி நான் அங்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன்."

களைப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை போகிற நாள் விடிய வழமைபோலப் பையை அடுக்கிக் காரில் வைத்து, எஞ்சினைப் போட்டுவிட்டு இருந்தேன். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார், எழும்பவில்லை. நான் இறங்கிப் போய்க் கெஞ்சினேன். கோபித்தேன். உன் பெயரைச் சொன்னேன். என்னைத் தனிய விட்டுவிட்டுப் போகப்போகிறீங்களோ என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார். "கிழமையில ரெண்டு நாள் அங்க கிடக்கிறன். மிச்ச நாள் அங்க போறதுக்காகக் கிடக்கிறன். எனக்கெண்டு ஒரு நாளும் இல்லை. அங்க எனக்குப் பிறகு வந்த பெடியளெல்லாம் செத்துப்போனாங்கள். நான் ஆருக்காக அந்த மெசின் கதிரையைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்?" நான் போய் எஞ்சினை நிப்பாட்டினேன். அவர் அந்த முறை போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை.

இனி எழுதப் போவதற்குத்தான் இத்தனை நாளும் எனக்குக் கை வரவில்லை. உனக்குப் போன் எடுக்கப் போகிறேன் என்று நான் வெளிக்கிட்டபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பிக்குச் சொல்லாதையும். சொன்னா ஓடி வந்து என்னைக் கெஞ்சுவான். அவன் கெஞ்சினா நான் போயிடுவன்," என்றார். அந்த மனிசன் தன் சீவியத்தில் என்னிடம் கேட்டது கொஞ்சம். நான் போனைத் திரும்ப மேசையில் வைத்தேன். நீ அந்தக் கிழமையும் எடுத்தாய். அப்பா எப்படி என்று கேட்டாய். கொஞ்சம் இருமல், படுத்திருக்கிறார் என்றேன். இருமல் மழையால் வந்ததில்லை, அதற்கு முந்தியே இருந்தது. உடம்பில் சேர்ந்த நீர் நெஞ்சுக்குள் ஏற ஏற அது கூடியது. மூச்சு எடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க ஏலாமல் கடைசியில் நானும் சித்தப்பாவும் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனோம். அவர் மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்தார்கள். மெசினில் போடுகிற அளவுக்குப் பிரஷர் இல்லை என்றார்கள். டொக்டர், இவர் மழையில் நனைந்தவர் என்று சித்தப்பா சொல்ல, அந்த இளம் டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். "மழையால வந்ததில்லை ஐயா. இரத்தம் சுத்தம் செய்யாமல் விட்டதால வந்தது." சித்தப்பா அப்போது அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அது காதில் ஏறவில்லை. அப்பா என்னைப் பார்த்துத் தண்ணி என்றார். நான் நேர்ஸ் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கழுவி என் கையில் தந்துவிட்டு அங்கால் போனாள். எத்தனை கரண்டி கொடுத்தேன் என்று தெரியாது. அவர் விழுங்கும்வரை கொடுத்தேன்.

உன் வேலை அவரைக் கொல்லவில்லை. ஆனால் உனக்கு நான் இப்போது வேறொன்றைத் தந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஒரு போன் எடுத்திருந்தால் நீ வந்திருப்பாய், நீ கெஞ்சியிருந்தால் அவர் போயிருப்பார். இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்திருக்கலாம். அதே ரோட்டு, அதே சத்தி, அதே தாகத்தோடு இருந்திருப்பார். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று இந்த வீட்டுக்குள் தனிய இருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு முடிவும் கிடைக்கவில்லை. கும்பிட்டும் பார்த்தேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தை என்னில் வை. கோபத்தை நான் தாங்குவேன். நீ உன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு, உன்னை விரும்புகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவளும் வாசிக்கட்டும். இந்தக் குடும்பத்தில் ஒருவர் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது காணும். நீங்கள் இரண்டு பேரும் அதைத் தொடராதேங்கோ. ஒரு வருத்தம் வந்தால் அதை அன்றைக்கே மேசையில் வைத்துக் கதையுங்கோ. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான்.

அதனால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு சித்தப்பா சொல்லி நீ அறிய வேண்டாம். இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்து எல்லோருக்கும் இரத்தம் சோதித்தார்கள். என்னைத் திரும்ப வரச் சொன்னார்கள். வவுனியாவிலும் போய்ப் பார்த்தேன். எனக்கும் தொடங்கிவிட்டது. அதே கிணற்றுத் தண்ணீரைத்தானே நானும் குடித்தேன். இப்போது குளிசை மட்டும்தான். மெசினுக்குப் போக வருஷக்கணக்கு ஆகலாம், சில பேருக்குக் கெதியாய் முற்றும், சொல்ல முடியாது என்றார்கள். அங்கே என்னைக் கண்ட நேர்ஸ் பிள்ளைக்கு அப்பாவை ஞாபகம் இருந்தது. என்னுடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவைக் கொண்டுபோக நான் இருந்தேன். நான் இடது பக்கம் ஏறி இருக்கிற நாளில் வலது பக்கத்தில் இருக்க ஆள் இல்லை.

இதற்காக நீ வராதே. இதை வழமைக்குச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். இங்கே வந்து இந்தத் தண்ணீரைக் குடித்து, இந்த ரோட்டில் என்னை ஏற்றி இறக்கி, உன் வயது போவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். கலியாணத்தைக் கட்டு. எனக்கு வீடியோவில் காட்டு. மெசினுக்குப் போகிற நாள் வந்தால் போவேன், பஸ் இருக்கிறது. ஆனால் போக ஏலாது என்று எனக்கும் ஒரு நாள் தோன்றும். அதையும் எனக்குத் தெரியும். அந்த நாளில் நான் போனை மேசையில் வைக்க மாட்டேன். உனக்குத்தான் முதலில் எடுப்பேன். எடுத்து, தம்பி, நான் இனிப் போகவில்லை என்று சொல்வேன். அப்போது நீ, போங்கோ அம்மா என்று ஒரு தரம் சொல்லு. சொல்லாமல் விட்டால் எனக்கு மனவருத்தமாக இருக்கும். இரண்டாம் தரம் சொல்லாதே. பிறகு அன்றைக்கு மதுரா என்ன சமைத்தாள் என்று சொல்லு. நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

அம்மா